வண்டி ஊர்ல, ஆள் வெளிநாட்டுல, ஃபைன் மட்டும் யார் தலையில?



கொஞ்ச நாளா ஒரு மீம் சுத்துது. துபாய்ல சீட் பெல்ட் போடாம காரை ஸ்டார்ட் பண்ண மாட்டானாம், திருச்சி ஏர்போர்ட்ல இறங்கின உடனே ஹெல்மெட்டைக் கழட்டி கண்ணாடியில மாட்டிருவானாம். நம்ம ஆளுங்களே சிரிச்சு ஷேர் பண்ணீங்க, பார்த்தோம். கீழ கமெண்ட்ல ஆரம்பிச்சுது அடுத்த கச்சேரி: "வெளிநாட்டுக்காரன் எல்லாம் ஃபைன் கட்டாம ஃபிளைட் ஏறிடுறான், பாஸ்போர்ட்டை முடக்குங்க."

இந்தப் பதிவு அந்த கமெண்டுக்கான பதில். கொஞ்சம் நீளம். சவுதி, குவைத், துபாய், கத்தார், சிங்கப்பூர்ல இருந்து நம்ம பக்கத்தைப் பாக்குற தோழர்கள் முழுசா படிங்க. அவங்க வண்டியை ஊர்ல ஓட்டிட்டு இருக்கிற தம்பி, மச்சான், சித்தப்பா பையன் எல்லாரும் ரெண்டு தடவை படிங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறோம். விதியை மீறினவன் அபராதம் கட்டணும். இதுல நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. "ஃபைனை எல்லாம் தள்ளுபடி பண்ணு"ன்னு கேட்குற கோரிக்கையும் இது இல்ல. நாம கேட்குறது வேற: மீறினவன் யாரு? கட்டச் சொல்றது யாரை? கட்டணும்னு நினைக்கிறவனுக்கு, இல்ல "நான் இல்ல சார்"னு சொல்ல நினைக்கிறவனுக்கு, 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்து அதைச் செய்ய அரசாங்கம் ஒரு கதவாவது திறந்து வச்சிருக்கா?

சிவகங்கை, புதுக்கோட்டை, பெரம்பலூர், ராமநாதபுரம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சி இருக்கும். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் 'சபராளி'ன்னே ஒரு சொல் இருக்கு, பிழைப்புக்கு கடல் தாண்டிப் போனவருக்கு. அவர் ஃபிளைட் ஏறின அன்னிக்கே அவர் பைக் வீட்டுல இருக்கிற யாரோ ஒருத்தர் கைக்குப் போயிடும். ஆர்சி புத்தகத்துல பேரு அவரோடது. ஓட்டுறது வேற ஆள். ஹெல்மெட் இல்லன்னா 1,000 ரூபாய். மூணு பேரு உக்காந்து போனா 1,000. இன்சூரன்ஸ் காலாவதின்னா முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. 2019 செப்டம்பர் 1-ல மத்திய அரசு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி ஏத்தின தொகை இது. தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. கேமரா படம் பிடிக்கிறது ஓட்டுறவன் முகத்தை இல்ல, நம்பர் பிளேட்டை. சலான் போறது ஆர்சியில இருக்கிற போன் நம்பருக்கு. அந்த நம்பர் என்ன ஆச்சு? ரீசார்ஜ் பண்ணாம எப்பவோ செத்துப் போச்சு.

ரியாத்ல வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து படுக்கிற மனுஷனுக்கு, மானாமதுரையில தன் பேர்ல சலான் ஏறுறது எப்படித் தெரியும்?

இதுவரைக்கும் சொன்னது சில்லறை விஷயம்தான். ஆயிரம், ரெண்டாயிரம், அவர் அனுப்புற பணத்துல போயிடும். பெருசு இனிமேதான் வருது.

மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை வண்டிக்கு 'உரிமையாளர்' யாருன்னா, பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான். சட்டத்தோட 2(30) பிரிவு. "நான் போன வருஷமே வித்துட்டேன் சார், காசு வாங்கிட்டேன், பேப்பர்ல கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன்" அப்படின்னு சொன்னா எடுபடாது. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல இதை அடிச்சுச் சொல்லிடுச்சு. அந்த வழக்குல கார் கை மாறி, கை மாறி, கை மாறிப் போயிருந்துச்சு. கடைசியா வச்சிருந்தவர்கிட்ட இருக்கும்போது விபத்து, ஒரு உயிர் போச்சு. இழப்பீடு யாரு கொடுக்கணும்? பதிவேட்டுல பேர் மாறாம இருந்த அந்த முதல் ஆளு. இப்ப யோசிங்க. வித்துட்டு விசா வந்த அவசரத்துல கிளம்பிப் போன எத்தனை தோழர்களோட பேர் இன்னும் எத்தனை வண்டியில ஒட்டிட்டு இருக்கு? அந்த வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லாம ஒரு விபத்து நடந்தா, பத்து வருஷம் பாலைவனத்துல சேத்து ஊர்ல கட்டின வீட்டு மேலதான் இழப்பீட்டுக் கணக்கு வந்து நிக்கும்.

அடுத்தது இன்னும் மோசம். அக்கா பையன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். "மாமா வண்டி சும்மாதான நிக்குது"ன்னு டியூஷனுக்கு எடுத்துட்டுப் போறான். 199ஏ பிரிவு என்ன சொல்லுதுன்னா, 18 வயசு ஆகாதவன் ஓட்டி ஒரு குற்றம் நடந்தா பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளி. மூணு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாசத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டான்"னு நிரூபிச்சா தப்பிக்கலாம்னு சட்டம் சொல்லுது. நிரூபிக்கணும். எங்க? இங்க வந்து, கோர்ட்டுல. இந்திய நீதிமன்றத்துல குற்ற வழக்கு நிலுவையில இருந்தா பாஸ்போர்ட் தர மறுக்க பாஸ்போர்ட் சட்டத்தோட 6-வது பிரிவு இடம் கொடுக்குது. பாஸ்போர்ட் போச்சுன்னா இக்காமா போச்சு, வேலை போச்சு, மாசாமாசம் வீட்டுக்கு வர்ற பணம் போச்சு. ஒரு பழைய பைக்குக்காக.

சரி, ஒழுங்கா இருக்கணும்னு நினைக்கிறவருக்கு அரசாங்கம் என்ன வழி வச்சிருக்கு? வாங்க, கணக்கு போடுவோம். இன்ஜினியரிங் முடிச்சுட்டு கட்சி வேலை பாக்குறாங்கன்னு எங்களைக் கிண்டல் பண்றீங்கல்ல, படிச்சது இதுக்காவது உதவட்டும்.

2007 ஜூன்ல பதிவு பண்ண ஒரு பைக். சொந்த வண்டிப் பதிவு 15 வருஷம் செல்லும். 2022 ஜூன்ல முடிஞ்சுது. உரிமையாளர் தம்மாம்ல இருக்கார். 2026 ஜூன்லதான் ஒரேயடியா ஊர் திரும்புறார். 2021 அக்டோபர்ல மத்திய அரசு போட்ட அறிவிக்கைப்படி, பதிவைப் புதுப்பிக்கத் தாமதமானா பைக்குக்கு மாசம் 300 ரூபாய், காருக்கு மாசம் 500 ரூபாய். 48 மாசம். பைக்னா 14,400. காரா இருந்தா 24,000. இது தாமதத்துக்கு மட்டும். புதுப்பிக்கிற கட்டணம் பைக்குக்கு 1,000, காருக்கு 5,000 தனி. பசுமை வரி தனி. வண்டிக்கு 20 வயசு தாண்டிட்டா 2025 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் அந்தப் புதுப்பிப்புக் கட்டணமும் டபுள். பழைய இரும்புக் கடையில அந்த பைக்குக்கு இதுல பாதி கூடக் கொடுக்க மாட்டான்.

நாலு வருஷமும் அந்த வண்டி திண்ணை ஓரமா தார்ப்பாய் போட்டு நின்னிருந்தாலும் இதே தொகைதான். ரோட்டுல ஓடாத வண்டிக்கு, நாட்டுலயே இல்லாத மனுஷன் கட்டுற தாமதக் கட்டணம். இதுக்கு என்ன நியாயம்னு சொல்லுங்க. அவர் நாட்டுல இல்லன்னு சொல்ல சாட்சி தேட வேண்டியதே இல்ல. பாஸ்போர்ட்ல முத்திரை இருக்கு. போட்டது உங்க குடியுரிமை அதிகாரிதான்.

"ஆன்லைன்ல எல்லாம் வந்துடுச்சே, பரிவாகன் தளம் இருக்கே"ன்னு ஆளுங்கட்சி நண்பர்கள் வருவாங்க. வாங்க. ஆர்டிஓ ஆபீஸ் போகாமலே சேவைன்னு விளம்பரம் பண்றீங்க. ஆதார் ஓடிபி கேட்குது. அது இந்திய மொபைல் நம்பருக்குத்தான் வரும். அந்த சிம் அங்க ரோமிங்ல வேலை செய்யணும், இல்ல ஊர்ல அம்மா கையில இருக்கணும். அம்மா அந்த ஆறு இலக்கத்தைப் போன்ல படிச்சுச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். சிரிப்பா இருக்கா? ஆயிரக்கணக்கான வீடுகள்ல இதுதான் டிஜிட்டல் இந்தியா.

தொழில்நுட்பம் இல்லையான்னா, இருக்கு. 2023 ஜனவரியில யுபிஐ-யை நடத்துற என்பிசிஐ, சிங்கப்பூர், அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் உட்பட 10 நாட்டு மொபைல் நம்பர்ல என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை இணைக்க அனுமதி கொடுத்துச்சு. உங்க பணம் உள்ள வர்றதுக்கு சவுதி நம்பர் செல்லுபடி. உங்க பேர்ல இருக்கிற வண்டியை எழுதிக் கொடுக்க அதே சவுதி நம்பர் ஆகாது. கோடு எழுதத் தெரிஞ்சவங்க இந்த நாட்டுல இல்லையா என்ன? எங்க பேட்ச்லயே பாதிப் பேரு வேலை இல்லாம இருக்கோம், கூப்பிடுங்க, வர்றோம்.

இன்னொண்ணு. வெளிநாட்டுல இருக்கும்போது சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் காலாவதியானா, அங்க இருக்கிற இந்தியத் தூதரகத்துலயே விண்ணப்பிக்கலாம்னு 2021 ஜனவரி 7-ல இதே போக்குவரத்து அமைச்சகம் அறிவிச்சுது. தூதரகம் வாங்கி இங்க அனுப்பும், ஆர்டிஓ பாக்கும். அப்ப பாதை இருக்கு. அந்தப் பாதையில வண்டி விற்பனை அறிவிப்பு மட்டும் ஏன் போகக் கூடாது? 50-வது பிரிவு கேட்குறது என்ன? வித்தவர் அதே மாநிலத்துக்குள்ளன்னா 14 நாள்ல தெரிவிக்கணும், வெளி மாநிலம்னா 45 நாள். தெரிவிக்கணும், அவ்வளவுதான். கவுண்டர் முன்னாடி வந்து நின்னு முகத்தைக் காட்டுன்னு அந்தப் பிரிவுல எழுதல.

சலானுக்கும் இதே கதைதான். ஒத்துக்கிட்டு கட்டுறதா இருந்தா ரெண்டு கிளிக், முடிஞ்சுது. "ஓட்டினது நான் இல்ல, அன்னிக்கு நான் இந்தியாவிலேயே இல்ல"ன்னு மறுத்து, நேர்ல வந்து வழக்கு நடத்த வேண்டி வந்தா? டிக்கெட் 25,000, ஃபைன் 1,000. என்ன பண்ணுவாரு? பண்ணாத தப்பை ஒத்துக்கிட்டு கட்டுவாரு. இதுக்குப் பேரு வசூல். 133-வது பிரிவுப்படி ஓட்டினது யாருன்னு உரிமையாளர் சொல்லணும்னு கடமை மட்டும் வச்சிருக்கீங்கல்ல, அதைச் சொல்ல ஆன்லைன்ல ஒரு பெட்டி வைங்க. பாஸ்போர்ட் முத்திரையை அப்லோட் பண்ண ஒரு பட்டன் வைங்க.

இப்ப கடலுக்கு அந்தப் பக்கம். "வளைகுடாவைப் பாரு, எவ்வளவு ஒழுங்கு"ன்னு பேசுறவங்க பாதிதான் பாக்குறாங்க. பாராட்ட வேண்டியது உண்டு. சவுதியில அப்ஷர் செயலியிலேயே வண்டியை ஒருத்தருக்கு எழுதிக் கொடுக்கலாம். வண்டியை உண்மையில ஓட்டுறவர் யாருன்னு பதிவு பண்ணலாம், அபராதம் அவருக்கே போகும். தப்பான ஃபைன்னா 30 நாளைக்குள்ள அதே செயலியில ஆட்சேபிக்கலாம். அமீரகத்துல முல்கியாவை வருஷா வருஷம் புதுப்பிக்கணும், பழைய ஃபைன் தீராம புதுப்பிக்க முடியாது. அதனால நாலு வருஷம் கழிச்சு இடி மாதிரி ஒரு தொகை தலையில விழாது. 2024 ஏப்ரல் 18-ல சவுதி, சேர்ந்து போன ஃபைனுக்கெல்லாம் 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்துச்சு. அப்புறம் 2025 ஏப்ரல் வரை நீட்டிச்சுது.

ஆனா அதே செயலி ஏழை டிரைவர் கழுத்துல கயிறாவும் மாறும். ஹவுஸ் டிரைவர் வேலைக்குப் போன நம்ம தோழர்களுக்குத் தெரியும். வண்டி கஃபீலோடது. 'ஓட்டுறவர்'னு பதிவு டிரைவர் பேர்ல. ராத்திரி அதே வண்டியை எடுத்துட்டுப் போறது வீட்டுப் பையன். கேமரா பளிச்சுன்னு அடிச்சா ஃபைன் ஏறுறது டிரைவரோட இக்காமா நம்பர்ல. நிலுவை ஃபைன் இருந்தா ஃபைனல் எக்ஸிட் கிடைக்காது. பேர்ல வண்டி இருந்தாலும் கிடைக்காது. குவைத்ல 2023 ஆகஸ்ட் 19-ல இருந்து, போக்குவரத்து ஃபைன் பாக்கி வச்சிருக்கிற வெளிநாட்டவர் அதைக் கட்டாம நாட்டை விட்டு வெளிய போக முடியாது. 2025 ஏப்ரல் 22-ல புதுச் சட்டம் வந்து தொகையையும் ஏத்திட்டாங்க. சிவப்பு விளக்கைத் தாண்டினா 150 தினார். வண்டி ஓட்டும்போது போன் பேசினா 75 தினார், முன்னாடி 5 தினார் இருந்தது. வீட்டு வேலைக்காரங்களுக்கு அங்க குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார்னு 2016-ல நிர்ணயிச்சாங்க. ஹவுஸ் டிரைவரும் அந்தக் கணக்குலதான் வர்றாரு. ஒரு சிக்னலுக்கு ரெண்டரை மாசச் சம்பளம். அப்பா இறந்துட்டார்னு போன் வருது. மனுஷன் ஏர்போர்ட்ல நிக்கிறார். கம்ப்யூட்டர் திரையில சிவப்பு எழுத்து.

அந்த நேரத்துல இந்தியத் தூதரகம் என்ன செய்யும்? செய்ய வழி இருக்கு. இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு 2009-ல இருந்து இருக்கு. தொழிலாளி மேல தப்பு இல்லாத நிலையில சின்ன அபராதங்களைக் கட்டி அவரை விடுவிக்க அந்த நிதியைப் பயன்படுத்தலாம்னு அதோட வழிகாட்டு நெறியிலயே இருக்கு. அந்த நிதி யார் வீட்டுக் காசு? தூதரகத்துல பாஸ்போர்ட் புதுப்பிக்கிறப்ப, அத்தாட்சி வாங்குறப்ப கட்டணத்தோட சேர்த்து உங்ககிட்ட வாங்கின காசு. பிச்சை இல்ல. கேளுங்க, எழுத்துல கேளுங்க.

மாநில அரசுக்கும் ஒரு வார்த்தை. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினம்னு கொண்டாடுறீங்க. தனி ஆணையரகம், தனி நல வாரியம் எல்லாம் இருக்கு. நல்ல விஷயம், இல்லன்னு சொல்லல. மேடையில பொன்னாடை போத்திக்கிற தொழிலதிபருக்கு ஆர்டிஓ பிரச்சினை வராது, அவருக்கு மேனேஜர் இருக்கார். பிரச்சினை பிளம்பருக்கு, வெல்டருக்கு, டிரைவருக்கு. ஆர்டிஓ அலுவலகங்கள் உங்க கையில. மாவட்டத்துக்கு ஒரு மேசை, அயலகத் தமிழருக்கு வாரத்துல ஒரு நாள் வீடியோ அழைப்பு. மத்திய அரசு சட்டத்தைத் திருத்துற வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம்.

அரசாங்கம் மாறுற வரைக்கும் நாம சும்மா இருக்க முடியாது. ஃபிளைட் ஏறப் போறீங்களா? வண்டியை விக்கிறதா இருந்தா, படிவம் 29, 30-ல கையெழுத்துப் போட்டுட்டு 'அவன் பாத்துப்பான்'னு கிளம்பாதீங்க. வாங்குறவர் கூட நீங்களும் நின்னு பேரை மாத்திட்டுப் போங்க. நேரமே இல்லன்னா படிவம் 29-ஐ நீங்களே ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. அது உங்களை முழுசா காப்பாத்தாது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மேல படிச்சீங்க, ஆனா கையில ஒரு ஆதாரம் இருக்கும். பழைய வண்டி வியாபாரிகிட்ட கொடுக்கிறீங்கன்னா, அவர் ஆர்டிஓ அங்கீகாரம் வாங்கினவரான்னு கேளுங்க. 2023 ஏப்ரல் 1-ல இருந்து அங்கீகாரம் பெற்ற வியாபாரிகிட்ட வண்டியை ஒப்படைச்சு அதைத் தளத்துல பதிவு பண்ணிட்டா, அதுக்கப்புறம் அவர்தான் உரிமையாளராக் கருதப்படுவார். ரோட்டோரத்துல 'பைக் வாங்கி விற்கப்படும்'னு போர்டு மாட்டினவர் எல்லாம் இதுல வர மாட்டார்.

வண்டியை வீட்டுக்கே விட்டுட்டுப் போறீங்கன்னா, ஆர்சியில உங்க மனைவியோ அப்பாவோ கையில இருக்கிற நம்பரை மாத்துங்க. இன்சூரன்ஸ் முடியிற தேதியை வீட்டுக் காலண்டர்ல எழுதுங்க. சாவி யார் கையில போகும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பதினாறு வயசுப் பையன் கெஞ்சினா மாமன் பாசம் எல்லாம் வேணாம்.

மாசம் ஒரு தடவை பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி நம்பர் போட்டு சலான் இருக்கான்னு பாருங்க. முகவரி ஜிஓவி டாட் இன்னு முடியுதான்னு பாத்துக்கோங்க. வாட்ஸ்அப்ல "உங்க வண்டிக்கு சலான், ஆப்பை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க"ன்னு ஏபிகே ஃபைல் வந்தா தொடவே தொடாதீங்க. அது போனைத் திறந்து வங்கிக் கணக்கைத் துடைக்கிற கும்பல். ஊர்ல இல்லாதவனுக்குத்தான் "ஒருவேளை உண்மையா இருக்குமோ"ன்னு சந்தேகம் வரும்னு அவனுக்கு நல்லாத் தெரியும்.

இந்தக் கோரிக்கைகளை மனுவா எழுதி போக்குவரத்து ஆணையர், அயலகத் தமிழர் நல ஆணையரகம், மத்திய போக்குவரத்து அமைச்சகம் மூணு இடத்துக்கும் அனுப்பப் போறோம். அதுல சேர்க்க உங்க அனுபவம் வேணும். கமெண்ட்ல உங்க மாவட்டம், இருக்கிற நாடு, என்ன சிக்கல்னு ரெண்டு வரி போடுங்க. வண்டி நம்பர், ஆதார், இக்காமா நம்பர் எதையும் கமெண்ட்ல போடாதீங்க, எங்க இன்பாக்ஸுக்கும் அனுப்பாதீங்க. கட்சிப் பேர்ல யாராவது அதையெல்லாம் கேட்டா அது நாங்க இல்ல.

#அயலகத்தமிழர் #ஓட்டாதவனுக்குஃபைன்எதுக்கு